பூட்டிய வீட்டுக்கு வரி கேட்டவன்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கெல்லாம் வரி போட வேண்டும் என்று ஃபிஜி நாடாளுமன்றத்தில் நான் முழங்கிய அன்று, பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் சாவி என் கால்சட்டைப் பையில் இருந்தது. பேச்சு சூடு பிடித்ததும் கை தானாகப் பைக்குள் போய் அதை உருட்ட ஆரம்பித்துவிட்டது. எதிர்வரிசைக்காரர் ஒருவர் அதைச் சில்லறைச் சத்தம் என்று நினைத்து, "உறுப்பினர் இப்போதே வசூலைத் தொடங்கிவிட்டாரா?" என்று கேட்டார். அவை சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். என்னைப் பார்த்துத்தான் சிரித்திருக்க வேண்டும் என்பது எனக்கு உறைக்க மறுநாள் ஆயிற்று.

அவைக்குள் புதிதாக நுழைந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே! உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நம் அவையில் பேச அனுமதி உள்ள மொழிகள் மூன்று: இங்கிலீஷ், ஃபிஜியன், ஹிந்துஸ்தானி. தமிழ் அதில் இல்லை. ஆகவே தமிழில் எழுதுகிறேன். ஒழுங்குப் பிரச்சினை கிளப்ப யாராலும் முடியாது. தமிழ் வாசிக்கத் தெரியாதவர்கள் கோயில் பூசாரியைப் பிடித்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் ராகம் போட்டுப் படித்தால் என் வரி யோசனைகூடக் கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

மசோதாவுக்கு எத்தனை வாசிப்பு, திருத்தத்தை எந்த மேசையில் கொடுப்பது என்பதையெல்லாம் செயலகத்தில் சொல்லித் தருவார்கள். அங்கே சொல்லித் தராததை நான் கற்றது, அவைப் பதிவு அலுவலகத்தில் இருந்த ஓர் அம்மாளிடம். லாவ் தீவுக்காரர். நாம் பேசுவதையெல்லாம் தட்டச்சு செய்து மறுநாள் நமக்கே அனுப்புவது அவர் வேலை. எழுத்துப் பிழை இருந்தால் திருத்தித் தரலாம். சொன்ன விஷயத்தை மாற்றக்கூடாது.

என் முதல் பேச்சு டின் மீன் மீதான வரியைப் பற்றியது. பிரதி வந்ததும், அழகான இடம் ஒன்றில் பேனாவால் 'கைதட்டல்' என்று எழுதி அனுப்பினேன். அந்த இடத்தில் கைதட்டல் கேட்டதாகவே எனக்கு ஞாபகம். பிரதி திரும்பி வந்தது. என் சொல்லை அடித்துவிட்டுப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "அது மழை."

தலைநகர் சுவாவில் மழைக்குப் பஞ்சமில்லை. கைதட்டலுக்கு உண்டு. அன்றிலிருந்து அந்த அம்மாளைக் கண்டால் எனக்குப் பயம். பயந்தபடியே மரியாதையும் வந்தது.

சரி, சாவிக்கு வருகிறேன். அது பொன்னுசாமியின் வீட்டுச் சாவி. பா நகரத்து வரதோலியில் என் வீட்டுக்கு அடுத்த வீடு. பள்ளிக்கூடத்தில் தச்சு வேலை சொல்லிக்கொடுத்த வாத்தியார் அவன். வீட்டையும் தன் கையாலேயே கட்டினான். என்னைவிட இரண்டு வயது பெரியவன். இருந்தாலும் எங்களுக்குள் அண்ணன் தம்பி மரியாதை கிடையாது, 'டா'தான். என் மனைவி லம்பாசாவில் ஹிந்தி பேசும் வீட்டில் பிறந்தவள், பிள்ளைகளும் ஹிந்தியே. ஊரில் என்னைத் தமிழில் திட்டுவதற்கு இருந்த ஒரே ஆள் பொன்னுசாமி.

எண்பத்தேழு மே மாதம் ராணுவம் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது. அப்போது நான் அரசியலிலேயே இல்லை. உரமும் மண்வெட்டியும் விற்றுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு, இந்திய வம்சத்தாருக்கு இனி இங்கே நிம்மதி இல்லை என்று வரதோலியில் வாரம் ஒரு வீட்டில் பெட்டி கட்டினார்கள். அந்த வருஷக் கடைசியில் பொன்னுசாமியும் கட்டினான். பிரிஸ்பேனுக்கு. கிளம்புகிற காலையில் வேலிக்கு மேலே சாவியை நீட்டினான்.

"ரெண்டு வருசம்டா. பசங்க படிப்பு ஒரு கரை சேர்ந்ததும் வந்துடுவேன். சனிக்கிழமை சனிக்கிழமை ஜன்னலைத் தொறந்து வை. இல்லன்னா பூஞ்சை புடிச்சிடும்."

"வாடகைக்கு வுடட்டுமா?"

"வேணாம். திரும்பி வர்றப்போ என் வூட்டுக்கு நானே விருந்தாளியா வரணுமா?"

சனிக்கிழமை தவறாமல் திறந்தேன். ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளைச் சாய்த்து வைப்பேன், பெருக்குவேன். மேசையில் மூன்று கோப்பைகள் கவிழ்த்து வைத்திருக்கும். ஃபிரிட்ஜ் கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க அவன் மனைவி ஒரு மரக் கரண்டியை இடையில் செருகிவிட்டுப் போயிருந்தாள். அதை ஒரு நாளும் நான் எடுக்கவில்லை. வேலை முடிந்ததும் அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்து அந்த வார அரசியலைத் தமிழில் சொல்வேன். வீடு குறுக்கே பேசாது. நாடாளுமன்றத்துக்குப் போன பிறகு அந்த அருமை எனக்கு இன்னும் நன்றாகத் தெரிந்தது.

ஆண்டுக்கு இரண்டு முறை தொலைபேசியில் கேட்பேன், "எப்படா வர்ற?" என்று. "டிசம்பர்ல பாக்கலாம்" என்பான். சில டிசம்பர்களில் வீட்டின் வெளிப்பக்கத்துக்கு வெள்ளைகூட அடித்து வைத்திருக்கிறேன்.

பன்னிரண்டு வருஷம் கழித்து நான் தேர்தலில் ஜெயித்து சுவாவுக்குப் போன சமயம், கரும்பு நிலங்களின் குத்தகைகள் ஒன்றன்பின் ஒன்றாக முடிந்துகொண்டிருந்தன. நிலம் ஃபிஜியக் கிராமத்தாருடையது, தங்கள் பிள்ளைகளுக்கு வேண்டும் என்று அவர்கள் கேட்டால் அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மூன்று தலைமுறை பயிர் செய்தவன் சாமான்களைத் தூக்கிக்கொண்டு எங்கே போவான்? வீட்டுவசதி பற்றிய விவாதம் வந்தது. எழுந்தேன்.

"ஒரு பக்கம் கூரை இல்லாத மனிதர்கள், மறுபக்கம் மனிதர் இல்லாத கூரைகள்" என்று ஆரம்பித்தேன். இந்த ஒரு வரியை யோசிக்க இரண்டு சட்டி யங்கோனா வேர்ச்சாறு குடிக்க வேண்டியிருந்தது. வெளிநாடு போனவர்கள் பூட்டி வைத்திருக்கும் வீடுகளுக்கு வரி போடுங்கள். வாடகைக்கு விட்டால் வரியைத் தள்ளுபடி செய்யுங்கள். ஒரு வீட்டில் விளக்கு எரிந்தால் ஒரு கடையில் அரிசி விற்கும், கடைக்காரன் பையனுக்குச் செருப்பு வாங்குவான், செருப்புக்காரன் கூரைக்குத் தகரம் வாங்குவான். இதற்குப் பெயர்தான் பொருளாதார வளர்ச்சி, மற்றதெல்லாம் அறிக்கை. இப்படிப் போயிற்று பேச்சு. இன்றைக்கும் அந்த யோசனை தப்பென்று நான் நினைக்கவில்லை.

அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். அவை அமைதியாகக் கேட்கிறது என்று தெரிந்ததும், எழுதி வைத்திருந்த தாளை மடித்துவிட்டேன். தம்பிகளே, தாளை மடிக்கும் கை உங்களுடையதாகவே இருந்தாலும் சந்தேகப்படுங்கள். "அந்த வீடுகளுக்குள் என்ன இருக்கிறது தெரியுமா?" என்று கேட்டேன். கவிழ்த்த கோப்பைகளைச் சொன்னேன். ஃபிரிட்ஜ் கதவில் செருகிய மரக் கரண்டியைச் சொன்னேன். சாய்த்த கண்ணாடி வழியாகக் காலை பத்து மணி வெயில் எந்தப் பலகை வரை வரும் என்பதையும் சொன்னேன். என் குரல் கொஞ்சம் உடைந்தது. அன்றைக்கு மழை இல்லை, கைதட்டல் நிஜம்.

மறுநாள் பிரதி வந்தது. அந்தப் பத்திக்கு நேராக ஓரத்தில் பென்சில் எழுத்து: "பூட்டிய வீடு. உறுப்பினர் உள்ளே பார்த்தது எப்படி?"

நேராக அவர் அறைக்குப் போனேன்.

"இந்தப் பத்தியை எடுத்துவிடலாமே, அம்மா."

"எழுத்துப் பிழையா சார்?"

"உணர்ச்சிப் பிழை."

"அதைத் திருத்த எங்களிடம் பென்சில் இல்லை."

"ஒரே ஒரு பத்திதானே?"

"நாங்கள் இலக்கணத்தைத் திருத்துவோம் சார். உறுப்பினரைத் திருத்துவதில்லை." கண்ணாடியைக் கழற்றினார். "யாருடைய வீடு?"

"சிநேகிதனுடையது. சாவி என்னிடம் இருக்கிறது."

"எப்போது வருவார்?"

"வந்துவிடுவான்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. ஒரு சொல்லை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று யோசிப்பவர் போல இருந்தார். "அவையில் எழுந்து தன்விளக்கம் கொடுங்கள். அதையும் தட்டச்சு செய்வேன்" என்றார்.

அடுத்த வாரம் கொடுத்துவிடலாம் என்று ஊருக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டு வாசலில் ஒருவர் நின்றார். முனிசாமி என்று பெயர் சொன்னார். சபேட்டோ பள்ளத்தாக்கில் கரும்பு போட்டவர். குத்தகை முடிந்த அன்று நிலக்காரரும் அவரும் ஒன்றாக உட்கார்ந்து யங்கோனா குடித்து, இருவருமே அழுதார்களாம். இப்போது விமான நிலையத்தை ஒட்டிய வோட்டுவாலேவுவில் ஓர் உறவுக்காரரின் கார் கொட்டகையில் மனைவியோடு இருக்கிறார். இரண்டு பேருந்து மாறி என்னைத் தேடி வந்திருக்கிறார்.

"அண்ணே, உங்க தொகுதி ஆளு இல்ல நானு. ஆனா ரேடியோல உங்க பேரு சொன்னாங்க. பூட்டிக் கெடக்கிற வூட்டையெல்லாம் தொறக்கணும்னு பேசினீங்களாமே. எந்த வூடுன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"அது இன்னும் யோசனைதான் முனிசாமி. மசோதாவா வரணும். மூணு வாசிப்பு இருக்கு."

"மூணு தபாவா? எங்க வூட்டுக்காரி எழுத்துக் கூட்டித்தான் படிப்பா. அவளே ஒரு தபால முடிச்சிடுவாளே."

பல நாள் கழித்து ஒருவர் என்னிடம் தமிழில் பேசுகிறார். அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்க விடாமல் அவர் கண் வேலியைத் தாண்டிப் போயிற்று. "இந்த வூடு?"

"அது என் சிநேகிதன் வூடு. டிசம்பர்ல வந்துடுவான்."

டீ கொண்டு வந்த என் மனைவிக்குத் தமிழ் தெரியாது. டிசம்பர் என்ற சொல் மட்டும் புரியும். நான் போனில் பேசும்போதெல்லாம் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தாள். கோப்பையை வைத்தபடி ஹிந்தியில் கேட்டாள்: "எந்த டிசம்பர்?"

முனிசாமிக்கு ஹிந்தி நன்றாகவே புரியும். ஆனாலும் புரியாதவர் போலக் கோப்பையை வாங்கிக்கொண்டார். குடித்து முடித்து எழுந்தார்.

"பரவால்லண்ணே. வூட்டுக்காரரு வர்றாருன்னா வூடு காலியாத்தான் இருக்கணும். கொட்டகைல ஒண்ணும் கஷ்டமில்ல. மேல பிளேன் போறப்போ மட்டும் பேச்சை நிறுத்திக்கணும். அடேங்கப்பா, ஒரு நாளைக்கு எத்தனி பேரு போறாங்கண்ணே!"

அவர் குத்திப் பேசவில்லை. குத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எதிர்வரிசையின் குத்தலைக் கேட்டுப் பழகியவன்தானே. அவர் நிஜமாகவே எனக்காகச் சமாதானம் சொல்லிவிட்டுப் போனார். என் மனைவி வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "வீட்டுக்குப் போடுகிற வரியை உங்கள் பேச்சுக்குப் போட்டிருந்தால் நாடு எப்போதோ முன்னேறியிருக்கும்."

இந்த இடத்தில்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. அவையில் எதிர்க்கேள்விக்குப் பதில் சொல்வது நெருக்கடியே இல்லை. நீங்கள் சொன்னதை ஒருவர் அப்படியே நம்பி, இரண்டு பேருந்து மாறி உங்கள் வாசலுக்கு வந்து நிற்பதுதான் நெருக்கடி. முனிசாமிக்குக் கூரை வேண்டும். எனக்கோ பொன்னுசாமி திரும்பி வர வேண்டும். அந்த வீடு அப்படியே இருக்கும் வரை அவன் கொஞ்ச நாள் வெளியூர் போயிருக்கிறான் என்று சொல்லிக்கொள்ளலாம். வேறொருவர் அடுப்பு மூட்டிவிட்டால் அப்புறம் என்னவென்று சொல்லிக்கொள்வது?

மத்தியானம் பிரிஸ்பேனுக்குப் போன் போட்டேன். முழுக்கதையும் சொன்னேன். என் பேச்சை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொன்னேன். "கொஞ்ச நாளுக்குத்தான்டா. நீ வர்றவரைக்கும்" என்றேன்.

"சாவி உன்கிட்டதான இருக்கு? நீயே பாத்துக்க" என்றான். எப்போது வருகிறாய் என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை. அவனும் டிசம்பர் என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அவைக்குப் போகவில்லை. கொறடாவிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, கரும்பு லாரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வோட்டுவாலேவு போனேன். இரண்டு கட்டில், ஒரு பீரோ, ஒரு தகரப் பெட்டி, முனிசாமி, அவர் மனைவி அஞ்சலை. தகரப் பெட்டியை மட்டும் அஞ்சலை மடியைவிட்டு இறக்கவில்லை. பாதி வழியில் லாரி டிரைவர் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். துப்பாக்கியோடு ஆட்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்துவிட்டார்கள். உள்ளே இருந்த உறுப்பினர்களைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். மறுபடியும் ஒரு மே மாதம்.

லாரி ஓரமாக நின்றது. காலியாக இருக்கும் என் நாற்காலியும் அதன் இருபுறமும் உட்கார்ந்திருப்பவர்களும் கண்ணுக்குள் வந்தார்கள்.

"திருப்பிடலாமாண்ணே?" என்றார் முனிசாமி.

எங்கே திருப்புவது? சுவாவுக்குப் போனால் நானும் உள்ளே போய் உட்கார வேண்டும். யாருக்கும் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கொட்டகைக்குத் திரும்பினால் இன்றில்லாத தைரியம் நாளைக்கு எங்கிருந்து வரும்? "போலாம், வூட்ட தொறந்துடலாம்" என்றேன். இது வீரமாகக் கேட்கிறது என்று எனக்குத் தெரியும். ஆகையால் இதையும் சொல்லிவிடுகிறேன். வரதோலியில் இறங்கியதும் பீரோவைத் தூக்க முதல் ஆளாக ஓடினேன். பீரோவுக்குப் பின்னால் இருந்தால் தெருவில் போகிறவர்களுக்கு என் முகம் தெரியாது.

அப்புறம் வந்த வாரங்களைப் பற்றி நான் வேடிக்கையாக எழுத மாட்டேன். என் பக்கத்து நாற்காலிக்காரர்கள் வெளியே வந்தபோது மெலிந்திருந்தார்கள். ஒருவர் என் கையைப் பிடித்து, "வயிற்றுவலி எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். நிஜமாகவே விசாரித்தார். அந்த அவை மறுபடி கூடவேயில்லை. என் வரி யோசனை மசோதாவாகக்கூட வரவில்லை. பதிவு அலுவலக அம்மாளை நான் திரும்பப் பார்க்கவுமில்லை. அவர் கேட்ட தன்விளக்கம் பாக்கி. இப்போது நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அதுதான். வரியிலும் வீட்டுவசதியிலும் வளர்ச்சியிலும் நான் ஆற்றிய உரைகள் எங்கோ அலமாரியில் இருக்கின்றன. என்னால் ஊரில் கூடிய வீடு ஒன்று. அதுவும் ஏற்கெனவே கட்டியிருந்த வீடு.

அந்த வருஷம் மறுபடி பெட்டி கட்டினார்கள். வரதோலியில் இன்னும் நான்கு வீடுகள் இருட்டாயின. பொன்னுசாமி வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது. சனிக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. வேலிப்பக்கம் நின்று உள்ளே கேட்கும் பேச்சைக் கேட்பேன். நல்ல பழைய தமிழ். முனிசாமி கூப்பிட்டால் போய் ஒரு வாய் டீ குடிப்பேன். பொன்னுசாமியின் நாற்காலியை எனக்குத்தான் இழுத்துப் போடுவார். நான் அவனுடைய கதைகளைச் சொல்வேன். நன்றாகத்தான் கேட்பார்கள்; ஆனால் நான் எந்த இடத்தில் பொய் சேர்க்கிறேன் என்று கண்டுபிடித்துத் திட்ட அவர்களுக்குத் தெரியாது.

ஐந்தாறு மாதம் கழித்து ஒருநாள் அஞ்சலை வேலி ஓரம் வந்து நின்றார்.

"அண்ணே, சுவத்துல ஒரு ஆணி அடிச்சிக்கட்டுமா?"

எதற்கு என்று கேட்டேன். உள்ளே கூட்டிப் போய்க் காட்டினார். அந்தத் தகரப் பெட்டி மூலையில் திறந்தபடி இருந்தது. அதற்குள்ளே சட்டம் போட்ட மாரியம்மன் படம். அதன் முன்னால் தரையில் அகல் விளக்கு. வந்த நாளிலிருந்து அஞ்சலை பெட்டிக்குள் இருக்கும் சாமியைத்தான் குனிந்து கும்பிட்டிருக்கிறார்.

"அடுத்தவங்க சுவரு. நாங்களா அடிக்கக்கூடாது இல்ல?" என்றார்.

அவர் எதைக் கேட்கிறார் என்று அவருக்குத் தெரியாது. அந்தச் சுவர்ப் பலகைகளைப் பொன்னுசாமி மரம் தேர்ந்தெடுத்து, இழைத்து, ஒரு முழு விடுமுறையையும் செலவழித்துப் பளபளப்பாக்கினான். அதில் ஆணி படக்கூடாது. அவன் மனைவி கல்யாணப் படம் மாட்ட வேண்டும் என்று கெஞ்சியும் விடவில்லை; படம் அலமாரியின் மேல் சாய்ந்துதான் நின்றது. பள்ளிக்கூடத்துப் பையன்களை வீட்டுக்கு அழைத்து வந்து அந்தச் சுவரைத் தடவிப் பார்க்கச் சொல்வான்.

அடியுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன்.

எடுத்தவுடன் விஷயத்துக்கு வருகிற ஆளா நான்? பிரிஸ்பேன் வெயில், அவன் முழங்கால், பேரப்பிள்ளைகள், இங்கே மறுபடி தேர்தல் வரும்போல இருப்பது, எல்லாவற்றையும் சுற்றினேன். அப்புறம் பெட்டிக்குள் இருக்கும் மாரியம்மனைச் சொன்னேன். மறுமுனையில் சத்தம் இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. சத்தம் இல்லாத இடத்தில் பேசித் தொலைப்பது என் தொழில்.

"அதுக்கில்லடா பொன்னு. ஒரு ஆணிதான். இருந்தாலும் உன் சுவரு. நீ இந்த வருசமோ அடுத்த வருசமோ வர்றதா இருந்தா சொல்லு. இப்பவே வேணாம்னு அந்தம்மாகிட்ட சொல்லிடறேன். நான் வேணும்னா ஒரு பலகை வாங்கிக் குடுத்து அது மேல சாச்சி வெச்சிக்கச் சொல்றேன். அவங்க ஒண்ணும் நெனச்சிக்க மாட்டாங்க. சட்டம் ஒண்ணும் வரல, வரியும் வரல, உன்னை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நீ வர்றேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். டிசம்பர்னு இல்ல, எப்பன்னாலும் சரி. வர்றியாடா?"

"ஆணி அடிச்சிக்கச் சொல்லு."